சூடு நின்றுபோன இரண்டு மாதம்

புற்றுநோய் வெளிநோயாளிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே,

உங்கள் மேற்பார்வையாளர் போன் செய்து, "பிள்ளைகளுக்காக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க சிஸ்டர்" என்று கேட்டார். என் பெருமைகளை எழுதுவேன் என்று நினைத்திருப்பார், பாவம். ஊசி போடவும் மருந்து ஏற்றவும் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அதை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டீர்கள்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். நர்ஸ் வேலைக்கு அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மைதான். என் பயத்தையெல்லாம் நோயாளியின் மடியில் கொட்டிவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கிய நாட்களும் உண்டு. இது அப்படி ஒரு நாளில் ஆரம்பித்தது.

தேனாம்பேட்டைப் பக்கம் இருக்கும் நம் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சையும் கீமோவும் முடித்து மாத்திரையில் இருக்கும் பெண்களுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் நான் பேசுவேன். மார்பகப் புற்றில் ஒரு வகை, உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைத் தின்று வளர்வது. டமாக்சிபென் மாத்திரை அந்த ஹார்மோன் போய் உட்காரும் இடத்தைத் தான் முந்திப் பிடித்துக்கொள்ளும். "பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டு பிடிக்கிறோமில்லையா, அந்த மாதிரி" என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே விளங்கிவிடும். வருடக்கணக்கில், ஒரு நாள் விடாமல் துண்டு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

அந்தச் சமயத்தில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்திருந்தேன். சில பிளாஸ்டிக்குகளிலும், கடைகளில் தரும் பில் பேப்பரிலும், வேறு சில சாமான்களிலும் ஹார்மோனைப் போலவே நடிக்கும் பொருட்கள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்று செல்களில் இவை மாத்திரையின் வேலையைக் கெடுப்பதைப் பார்த்திருக்கிறார்கள். மனித உடம்பில் அப்படி ஆகிறதா, எந்த அளவுக்கு ஆகிறது என்பது இன்னும் தெளிவில்லை. பேசியவர் இவ்வளவுதான் சொன்னார். பொறுப்பாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்ததோ, துண்டு போட்ட சீட்டில் எவனோ வந்து உட்காருகிறான் என்பது மட்டும். அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் டப்பா அத்தனையையும் மூட்டை கட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்களிடம் முக்கால் மணி நேரம் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசினேன். சூடான சாம்பாரைக் கவரில் பார்சல் வாங்காதே, டீயை பிளாஸ்டிக் கப்பில் குடிக்காதே, எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்று. மாத்திரையைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி. அது பழைய கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்ற நினைப்பு.

அந்தக் கூட்டத்தில் வசந்தா இருந்தாள். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. வீட்டுக்காரர் தேவராஜ் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பேசி முடித்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

"இன்னா சிஸ்டர், பில்லு பேப்பர்ல கூட கீதாமே? வாட்ஸப்புல வந்துச்சு. நான் நாள் பூரா அத்தத்தான் தொட்டுக்கினு கீறேன். வேலைய உட்டுடவா?"

வேலையை விட வேண்டாம், கை கழுவிவிட்டுச் சாப்பிடு, ஈரக் கையோடு தொடாதே என்றேன். அது சரியான பதில்தான். ஆனால் என் முகம் என்ன சொல்லிற்றோ தெரியாது. அவள் கையில் இருந்த ஆஸ்பத்திரி ரசீதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனது இன்றும் கண்ணில் நிற்கிறது.

டிசம்பர் கடைசியில் வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தாள். மாட வீதிப் பாத்திரக் கடையில் வாங்கியது. மூடியில் 'வ' என்று எழுத்து வெட்டியிருந்தது. அவள் வீட்டில் டம்ளர் முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் அந்த எழுத்துதான்.

"மாத்திர அட்ட கூட பிளாஸ்டிக்குதான சிஸ்டர்? மூணு மாசத்துக்கும் உரிச்சி இதுல போட்டுட்டேன். அதுக்குப் பிரசர் மாத்திர கீதே, அத்தயும் விடல. அதே மாறி இன்னொரு டப்பா."

'அது' என்றால் வீட்டுக்காரர். மூடியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, பெயரில்லாமல், தேதியில்லாமல், மல்லிகை மொட்டுப்போல மாத்திரைகள். பயந்தாங்கொள்ளியான நான் அந்த இடத்தில் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. "சபாஷ் வசந்தா" என்றேன். என் பேச்சை இவ்வளவு தூரம் ஒருத்தி கேட்டிருக்கிறாளே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அவள் மறுபடி வந்தது மார்ச் கடைசியில். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இந்த மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குத் திடீர் திடீரென்று உடம்பு தீயாய் எரியும், வேர்த்துக் கொட்டும். வசந்தாவுக்கு அது மிகவும் அதிகம். ஏசி போட்ட கடையில் உட்கார்ந்து பில் கட்டால் விசிறிக்கொள்வாளாம், சேலை எடுக்க வந்தவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். அன்றைக்கு ஆளே தெளிவாக இருந்தாள்.

"சூடு நின்னுபோச்சு சிஸ்டர்! சுத்தமா நின்னுபோச்சு. எல்லாம் பிளாஸ்டிக்க உட்டதுதான். கால்தான் கொஞ்சம் வீங்குது. நின்னுக்கினே வேலை பாக்கறன் இல்ல, அதான்."

என் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! அவள் நோட்டில் 'சூடு நின்றது, பிளாஸ்டிக் தவிர்ப்பு நல்ல பலன்' என்று என் கையால் எழுதினேன். அதோடு விட்டேனா? வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னால் அவளை நிறுத்தி, "பாருங்கம்மா இவங்கள" என்று பெருமை பேசினேன். இரண்டு பேர் எந்தக் கடையில் டப்பா வாங்கினாள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் அம்மா அதிகம் பேச மாட்டார். நோட்டைப் படிப்பார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், ஒரு கேள்வி கேட்பார். கோபமோ கவலையோ வந்தால் அக்ரகாரத்து வீட்டுத் தமிழ் வந்துவிடும். வசந்தாவின் கணுக்கால்களை அழுத்திப் பார்த்தார். இரண்டு காலிலும் விரல் பதிந்து குழி விழுந்தது. இந்த மாத்திரையில் கால் வீங்கினால் ரத்தம் உறைந்திருக்குமோ என்று பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஸ்கேன் சீட்டை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதை வாங்காமல் நோட்டில் என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு எப்ப நின்னுது?"

"பொங்கல் கழிச்சி பத்து பதினஞ்சு நாள்ல மேடம்."

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுதா, சட்டுனு நின்னுதா?"

"சுச்ச அமுக்குனாப்பல நின்னுச்சு மேடம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாளா?"

"சாப்பிடறாங்க மேடம். கேட்டேன்."

"கேட்டயா, பார்த்தயா? சூடு தானா நின்னுபோச்சுன்னா நீ பயந்திருக்கணும். சந்தோஷமா எழுதிண்டு உக்காந்திருக்க!"

அந்த மாத்திரைதான் சூட்டைக் கொடுப்பது. அது சட்டென்று நின்றால் முதலில் வர வேண்டிய சந்தேகம் ஒன்றுதான். என்னைவிட யாருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்?

வசந்தா டப்பாவைக் கொடுத்தாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடையிலேயே மாத்திரை போட்டுக்கொள்வது அவள் வழக்கம், அதனால் டப்பா எப்போதும் கைப்பையில் இருக்கும். மருந்தகத்துக்கு ஓடினேன். மருந்தாளுநர் ஒரு மாத்திரையை எடுத்து, புது டமாக்சிபென் அட்டையிலிருந்து உரித்த மாத்திரையின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். ஆனால் டப்பாவில் இருந்தது ஒரு சுற்று சின்னது, நடுவில் ஒரு கோடு.

"இது பிரஷர் மாத்திரை சிஸ்டர்" என்றார். "கால் வீங்கும், இதுல."

திரும்பி வந்து வசந்தாவிடம் கேட்டபோது எல்லாம் தெரிந்துவிட்டது. போகிக்கு முந்தின நாள் வீட்டை ஒழித்து வெள்ளையடித்திருக்கிறார்கள். அலமாரிச் சாமான் எல்லாம் கீழே இறங்கியது. இரண்டு டப்பாவும் ஒரே அளவு, இரண்டு மூடியிலும் அதே 'வ'. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்துப் பையில் போட்டிருக்கிறாள். மற்றது அலமாரிக்குப் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு மேலாக அவள் வீட்டுக்காரரின் மாத்திரையை விழுங்கியிருக்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ அது?"

தேவராஜ் இரண்டு மாதமாகப் பிரஷர் மாத்திரை இல்லாமல், அவளுடைய புற்றுநோய் மாத்திரையைத் தின்றுகொண்டு, மெட்ராஸ் வெயிலில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். தலைவலி என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாராம். வெயில் என்று நினைத்தார்களாம்.

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. "சவாரில கீதோ என்னவோ" என்றாள். அந்த நேரத்தில் எனக்குக் கெட்ட காட்சிகளாகவே தோன்றின. சிக்னலில் நிற்கும் ஆட்டோ, பின்னால் ஹாரன், ஹேண்டில் பாரில் சாய்ந்த தலை. பின் சீட்டில் யாராவது குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்று வேறு நினைத்துக்கொண்டேன். இப்படியெல்லாம் நினைக்க எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

டாக்டர் மட்டும் பதறவில்லை. "போன் எடுக்கலேன்னா அவரைத் தெரிஞ்சவா யாரு இருக்கா?" என்று வசந்தாவைக் கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் உள்ள ஒருவரின் நம்பர் இருந்தது. அவர், தேவராஜ் அடையாறுக்குச் சவாரி போயிருப்பதாகவும் பார்த்ததும் அனுப்புவதாகவும் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வசந்தா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். "பயமுறுத்த வேண்டாம். வண்டி ஓட்ட வேண்டாம், வேற ஒருத்தர் வண்டியில் வரட்டும். அது மட்டும் சொல்லுங்கோ" என்றார். அதைக் கேட்டபோதுதான், எதைச் சொல்லக் கூடாது என்று யோசிப்பதும் எங்கள் வேலைதான் என்பது எனக்கு உறைத்தது. அத்தனை வருடம் அங்கே வேலை பார்த்த பிறகு!

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தேவராஜ் சிநேகிதர் ஒருவரின் ஆட்டோவில் பின் சீட்டில் உட்கார்ந்து, காக்கிச் சட்டையோடு சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார். பிரஷர் பார்க்கக் கட்டிலில் படுக்கச் சொன்னதும், "இன்னா வசந்தா, உனுக்கு உடம்பு சரியில்லனு வந்தா, என்னப் போயி படுக்கச் சொல்றாங்கோ?" என்றார். பிரஷர் கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் டாக்டர் அவரை எழுந்திருக்கவே விடவில்லை. அன்றைக்கு அட்மிட் செய்து, மறுநாள் சாயங்காலம்தான் அனுப்பினோம். கெட்டது ஒன்றும் நடக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் கவலைப்பட்டது வேறொன்றுக்கு. "ரெண்டு மாசமா பொம்பள மாத்திரையா முழுங்கிக்கினு இருந்தேன்? ஸ்டாண்டுல மட்டும் சொல்லிடாத சிஸ்டர், தல காட்ட முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னால் முடியவில்லை.

அவரை அட்மிட் செய்த அன்று மத்தியானமே டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். திட்டியிருந்தால் தேவலை. "பிளாஸ்டிக் பத்தி நீ சொன்னது தப்பில்லை, சொல்லு. ஆனா தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாதே. தெரிஞ்சதை முதல்ல சொல்லு. அவகிட்ட நடந்ததை நீயேதான் சொல்லணும். வெளியில உக்காந்திருந்தாளே அத்தனை பேர், அவாகிட்டயும்" என்றார்.

வசந்தாவைத் தனி அறையில் உட்கார வைத்துச் சொன்னேன். நான் தப்பான வரிசையில் பேசினேன், டப்பாவைப் பார்த்துவிட்டுச் சபாஷ் என்றேன், சூடு நின்றதும் கேள்வி கேட்காமல் எழுதினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு மாசத்துல நோவு திரும்ப வந்துருக்குமா சிஸ்டர்?"

"தெரியாது வசந்தா. பெரும்பாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டர் நினைக்கறாங்க. ஆனா உறுதியா யாராலயும் சொல்ல முடியாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நாளில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவள்.

"தெரியாதா? பில்லு பேப்பருக்கும் சாம்பார் கவருக்கும் அம்மாம் நேரம் பேசினியே. எல்லாம் தெரிஞ்சா மாறித்தான பேசின? இதுக்கு மட்டும் தெரியாதா?"

எழுந்து போய்விட்டாள். நான் அவள் நோட்டை எடுத்து, 'நல்ல பலன்' என்று எழுதிய வரியை அடித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெண்கள் முன்னால் நின்று, பெயர் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், அதில் பெயரும் தேதியும் இருக்கின்றன, அந்தப் பிளாஸ்டிக்கால் உங்களுக்குக் கெடுதல் என்று யாரும் காட்டவில்லை என்றேன். டப்பாக் கடை விலாசம் குறித்துக்கொண்ட இருவரில் ஒருத்தி அங்கேயே பையைத் திறந்து தன் டப்பாவைக் காட்டினாள். அதில் மூன்று வித மாத்திரைகள் கலந்து கிடந்தன. இன்னொருத்தி அன்று வரவில்லை. அவளைத் தேடிப் பிடித்துப் பேசும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வசந்தா அடுத்த முறை வந்தபோது என்னைத் தாண்டிப் போய் வேறு சிஸ்டரிடம் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த முறை என்னிடமே வந்தாள். மாத்திரை அட்டையை மேஜையில் வைத்து, எத்தனை தீர்ந்திருக்கிறது என்று எண்ணிக் காட்டினாள். மறுபடியும் விசிறிக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவளே பேச்சை எடுத்தாள்.

"ஆபரேசன் நீங்க பண்ணது, கீமோ நீங்க ஏத்துனது, மாத்திர நீங்க குடுத்தது. என் கையால நானா செஞ்சது அந்த டப்பா ஒண்ணுதான் சிஸ்டர். அதான் அம்மாம் ஆசையா செஞ்சேன்."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிளாஸ்டிக்கைப் பற்றியும் ஹார்மோனைக் குழப்பும் பொருட்களைப் பற்றியும் உங்களிடம் கேட்பார்கள், என் காலத்தைவிட அதிகமாகவே கேட்பார்கள். சிரித்து ஒதுக்காதீர்கள். கேட்பவர்களுக்குத் தாங்களாகச் செய்ய ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. சூடான சாப்பாட்டுக்குப் பாத்திரம் எடுத்துப் போகச் சொல்லுங்கள், அதில் நஷ்டமில்லை. ஆனால் மாத்திரையைப் பற்றி முதலில் பேசுங்கள், கடைசியிலும் பேசுங்கள். இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்னம்மா செய்வீங்க என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் டப்பா அன்றைக்கே வெளிவந்திருக்கும். அப்புறம், கஷ்டம் சட்டென்று நின்றது என்று யாராவது சிரித்துக்கொண்டு வந்தால், கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வசந்தாவுக்கு மாத்திரை முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் எனக்குப் போன் செய்கிறாள். அவள் பெயர் திரையில் வந்தால் எனக்குக் கை வராது, நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுப்பேன். போன வாரமும் அப்படித்தான்.

"சிஸ்டர், ஒண்ணும் இல்லியாம். க்ளீனா கீதாம்."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னா, பேச்சையே காணோம்? இன்னும் பயந்துகினுதான் கீறியா?"

"ஆமா வசந்தா."

"நானுந்தான். சரி வையி, பஸ்ஸு வந்துடுச்சு."